நாற்பதுக்கு மேல் உடற்பயிற்சி: முதல் நாளுக்கு முன்பும், முதல் இரண்டு மாதமும்

பல வருஷம் நாற்காலியிலேயே வேலை பார்த்துவிட்டு, நாற்பது நாற்பத்தைந்து வயதில் "இனிமேலாவது உடம்பைக் கவனிக்கணும்" என்று முடிவெடுப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கல்லூரியில் கபடியோ கால்பந்தோ ஆடியவர்களும் இதில் சேர்த்திதான். சொல்லப்போனால் அவர்கள்தான் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். மனசில் அந்தக் கால வேகம் அப்படியே இருக்கும், முட்டி மட்டும் இருபது வருஷம் மூத்திருக்கும்.

எங்கள் ஊர் மைதானத்தில் ஜனவரி முதல் வாரம் நடக்க இடம் இருக்காது. பிப்ரவரி பிறந்தால் பாதிப் பேரைக் காணோம். விசாரித்தால் "முட்டி வலி", "குதிகால் வலி", "இடுப்பு பிடிச்சுக்கிச்சு" என்றுதான் பெரும்பாலும் பதில் வருகிறது. உடம்பில் எல்லாப் பாகமும் ஒரே வேகத்தில் பழகுவதில்லை என்பதே இதற்குக் காரணம். நெஞ்சும் மூச்சும் சில வாரங்களில் பழகிவிடும். தசையும் ஓரளவு சீக்கிரமே பலம் கூடும். தசையை எலும்போடு கட்டியிருக்கும் தசைநாண்கள் உறுதிப்பட மாதக்கணக்காகும். மூன்றாவது வாரம் மூச்சு வாங்குவது குறைந்ததும் "இன்னும் ரெண்டு ரவுண்டு போகலாமே" என்று தோன்றும். அந்த ரெண்டு ரவுண்டில்தான் குதிகால் பிடித்துக்கொள்கிறது. முதல் இரண்டு மாதம் உங்களால் முடிந்ததைவிடக் கொஞ்சம் குறைவாகவே செய்யுங்கள். இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதானால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், பெரியவர்களுக்கு வாரத்தில் 150 முதல் 300 நிமிடம் மிதமான பயிற்சியும், இரண்டு நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சியும் வேண்டும் என்கிறது. அது போய்ச் சேர வேண்டிய இடம். முதல் வாரமே 150 நிமிடத்தைத் தொட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. அந்த அளவுக்கு எட்டாத பயிற்சியும் பலன் தரும் என்று அதே வழிகாட்டுதல் சொல்கிறது.

முதலில் உங்களை நீங்களே கேட்க வேண்டியவை

ஷூ வாங்கப் போகும் முன் ஒரு தாளில் இவற்றுக்குப் பதில் எழுதுங்கள். வீட்டில் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதினால் இன்னும் நல்லது. நாம் மறந்துபோனதை அவர்கள் ஞாபகம் வைத்திருப்பார்கள்.

- மாடிப்படி ஏறும்போது அல்லது வேகமாக நடக்கும்போது நெஞ்சில் இறுக்கமோ பாரமோ வந்து, நின்றால் போய்விடுகிறதா?
- கடந்த ஒரு வருஷத்தில் தலைசுற்றி விழுந்தது, மயங்கியது உண்டா?
- பக்கத்தில் நடப்பவருக்கு வாங்காத மூச்சு உங்களுக்கு மட்டும் வாங்குகிறதா? படுத்தால் மூச்சு முட்டி எழுந்து உட்கார வேண்டியிருக்கிறதா? கால் வீங்குகிறதா?
- இதயம், சிறுநீரகம், சுகர், பிரஷர், ஆஸ்துமா என்று எதற்காவது சிகிச்சையில் இருக்கிறீர்களா?
- அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ 55 வயதுக்குள், அம்மாவுக்கோ அக்கா தங்கைக்கோ 65 வயதுக்குள் மாரடைப்பு வந்திருக்கிறதா?
- முட்டி, இடுப்பு, முதுகில் பழைய அடியோ அறுவை சிகிச்சையோ உண்டா? குடலிறக்கம் உண்டா?
- கர்ப்பமாக இருக்கிறீர்களா, அல்லது பிரசவம் ஆகி சில மாதங்கள்தானா?

ஒன்றுக்காவது "ஆம்" என்றால் டாக்டரைப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். பெரும்பாலும் அவர் நடக்க வேண்டாம் என்று சொல்லப் போவதில்லை. எவ்வளவு, எப்படி என்றுதான் சொல்வார். எல்லாவற்றுக்கும் "இல்லை" என்றால் மெதுநடையை நாளைக்கே ஆரம்பிக்கலாம். ஆரோக்கியமான ஒருவர் வாக்கிங் போவதற்கு டிரெட்மில் டெஸ்ட்டும் எக்கோ என்கிற இதய ஸ்கேனும் எடுத்தே ஆக வேண்டும் என்பதில்லை. பெரிய பேக்கேஜ் எடுக்கக் காசு சேரட்டும் என்று ஆறு மாதம் உட்கார்ந்திருப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

முதல் கேள்வியைப் பற்றி மட்டும் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். நம் வீடுகளில் நெஞ்சில் எது வந்தாலும் முதலில் "கேஸ்" என்றுதான் பெயர் வைப்போம். ஓமத் தண்ணீர், சோடா என்று போகும். வாயுத் தொந்தரவு பெரும்பாலும் சாப்பாட்டை ஒட்டி வரும். நடந்தால் வருவதும் நின்றால் போவதுமாக இருக்கும் இறுக்கம் இதயத்துக்குப் போகும் ரத்தம் போதவில்லை என்பதன் அடையாளமாக இருக்கலாம். அது நெஞ்சில்தான் வரும் என்றும் இல்லை. தாடை, கழுத்து, இடது தோள், மேல் வயிறு என்று எங்கேயும் காட்டும். பெண்களுக்கும் சுகர் உள்ளவர்களுக்கும் வலியே இல்லாமல் மூச்சு வாங்கலாகவும் அசாதாரணச் சோர்வாகவும் மட்டும் வரக்கூடும். இந்த அறிகுறி இருப்பவர் நாலு நாள் நடந்து பார்க்கலாம் என்று முயற்சி செய்யவே கூடாது.

எந்தெந்தப் பரிசோதனை போதும்

பிரஷர், சுகர், ஹீமோகுளோபின் என்ற மூன்றும் அடிப்படை. கொலஸ்டிராலையும் கூடவே பார்த்துவிடலாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்தி 2023-இல் வெளியான ஆய்வின்படி நாட்டில் சுமார் 10.1 கோடிப் பேருக்கு சுகர் இருக்கிறது, இன்னும் 13.6 கோடிப் பேர் அதன் வாசலில் நிற்கிறார்கள். "எனக்கெல்லாம் இருக்காது" என்று நினைப்பவர்களும் அந்தக் கணக்கில் உண்டு. தமிழ்நாட்டில் இருப்பவர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிரஷரும் சுகரும் இலவசமாகப் பார்த்துக்கொள்ளலாம். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்தும் பார்க்கிறார்கள்.

ஹீமோகுளோபினை ஏன் சேர்த்தேன் என்றால், 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் 15 முதல் 49 வயதுள்ள இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ரத்தம் குறைவாக இருப்பவருக்குப் பத்து நிமிடத்திலேயே நெஞ்சு படபடக்கும், கால் கனக்கும். தனக்கு உடற்பயிற்சி ஒத்துவராது என்று முடிவு கட்டி நிறுத்திவிடுவார். பெரும்பாலும் அவருக்கு முதலில் தேவை இரும்புச்சத்து மாத்திரை.

பிரஷரைச் சரியாகப் பார்ப்பதற்கும் முறை இருக்கிறது. அதற்கு முன் அரை மணி நேரம் காபி, டீ வேண்டாம். சிறுநீர் கழித்துவிட்டு வந்து, முதுகைச் சாய்த்து, பாதம் இரண்டும் தரையில் படும்படி ஐந்து நிமிடம் பேசாமல் உட்காருங்கள். கை நெஞ்சு மட்டத்தில் மேஜை மேல் இருக்கட்டும். மாடி ஏறி வந்த மூச்சோடு கையை நீட்டினால் வருவது உங்கள் பிரஷர் ஆகாது. உட்கார்ந்த நிலையிலேயே 180/110-ஐத் தொட்டால் பயிற்சியைத் தள்ளிவைத்து முதலில் அதைக் குறைக்க வேண்டும்.

இன்னொன்று, ஈசிஜி நன்றாக இருக்கிறது என்று ஒரு தாளைக் கொடுத்துவிட்டால் இதயக் குழாயில் அடைப்பே இல்லை என்று அர்த்தமாகாது. படுத்திருக்கும்போது எடுத்த ஈசிஜி, உழைக்கும்போது என்ன நடக்கும் என்பதை முழுதாகக் காட்டாது. அறிகுறி இருந்தால் ஈசிஜி சரியாக இருந்தாலும் டாக்டரிடம் விடாமல் சொல்லுங்கள்.

மாத்திரை போடுபவர்கள் நின்று படிக்க வேண்டிய பகுதி

எங்கள் தெருவில் ஒரு அண்ணாச்சி. காலையில் சுகர் மாத்திரையைப் போட்டார், வந்து சாப்பிட்டுக்கொள்ளலாம் என்று வெறும் வயிற்றில் கிளம்பினார். முதல் நாள் உற்சாகத்தில் ஒரேயடியாக அதிக தூரம் நடந்துவிட்டார். திரும்பி வரும்போது சட்டை முழுக்க ஈரம். நடந்ததால் வேர்க்கிறது என்றே நினைத்தார். கையைப் பிடித்துப் பார்த்தால் ஜில்லென்று இருந்தது, விரல்கள் நடுங்கின, கேட்ட கேள்விக்குப் பதில் வேறு எங்கோ போனது. "அண்ணாச்சி, மாத்திரை போட்டீங்களா? என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்டுக்கொண்டே டீக்கடையில் சர்க்கரை கரைத்த தண்ணீர் வாங்கிக் கொடுத்தோம். கால் மணி நேரத்தில் தெளிந்துவிட்டார். அந்தக் குளிர்ந்த வேர்வை உழைப்பில் வந்ததில்லை, சுகர் இறங்கியதால் வந்தது.

கிளிமிபிரைடு, கிளிகிளசைடு வகை மாத்திரைகளும் இன்சுலினும் சுகரைத் தாழ்நிலைக்கு இறக்கக் கூடியவை. மெட்ஃபார்மின் மட்டும் போடுபவர்களுக்கு இந்த ஆபத்து மிகக் குறைவு. உங்கள் அட்டையில் என்ன பெயர் இருக்கிறது என்று பாருங்கள். பல மாத்திரைகளில் இரண்டு மருந்து சேர்ந்தே இருக்கும். முதல் வகையோ இன்சுலினோ என்றால், நடக்கப் போகும் முன் சுகர் பாருங்கள். 90-க்குக் கீழே இருந்தால் ஒரு வாழைப்பழமோ இரண்டு இட்லியோ சாப்பிட்டுவிட்டுப் போகலாம். 70-க்குக் கீழே என்றால் அது தாழ்நிலை. அப்போது மூன்று ஸ்பூன் சர்க்கரை கரைத்த தண்ணீர் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். அன்றைக்குப் பயிற்சி வேண்டாம். 250-க்கு மேல் இருந்து வாந்தி, வயிற்றுவலி, அசதி இருந்தாலும் பயிற்சியை விட்டுவிட்டு டாக்டரைப் பாருங்கள். சட்டைப் பையில் எப்போதும் குளுகோஸ் பொட்டலம் ஒன்று இருக்கட்டும். பிஸ்கட்டும் சாக்லேட்டும் அந்த நேரத்துக்கு உதவாது. கொழுப்பு கலந்திருப்பதால் சர்க்கரை மெதுவாகத்தான் ஏறும். மாலையில் அதிகம் உழைத்தால் இரவு தூக்கத்திலும் சுகர் இறங்கலாம் என்பதையும் மறக்க வேண்டாம். பயிற்சி தொடங்கியதும் மருந்தின் அளவைக் குறைக்க வேண்டியும் வரலாம். அதை டாக்டர்தான் செய்ய வேண்டும்.

பிரஷருக்கோ இதயத்துக்கோ அட்டெனொலால், மெட்டோபுரொலால் போடுபவர்களுக்கு நாடித்துடிப்பு அவ்வளவாக ஏறாது. கையில் கட்டிய வாட்ச் காட்டும் எண்ணைத் துரத்திக்கொண்டு வேகத்தைக் கூட்டாதீர்கள். சுகர் இறங்கும்போது வரும் படபடப்பையும் இந்த மருந்துகள் மறைத்துவிடும், வேர்வை மட்டும்தான் காட்டிக்கொடுக்கும். சிறுநீர் போக வைக்கும் மாத்திரை போடுபவர்கள் வெயில் நாளில் உடம்பில் நீர் குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வாட்ச் இல்லாமலே வேகத்தை அளக்க எளிய வழி உண்டு. நடந்துகொண்டே பக்கத்தில் வருபவரிடம் பேச முடிய வேண்டும், ஆனால் பாட்டுப் பாட முடியக் கூடாது. அதுதான் மிதமான வேகம். இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு இழுத்தால் வேகம் அதிகம்.

சுகர் நாள்பட்டவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கலாம். பூங்காக்களில் கூழாங்கல் பதித்த எட்டு வடிவப் பாதையில் வெறுங்காலோடு நடப்பது இப்போது பெருவழக்கம். உணர்ச்சி குறைந்த காலுக்கு அது வேண்டவே வேண்டாம். கல் குத்தியதும் தெரியாது, கொப்புளம் உடைந்ததும் தெரியாது, புண் பெரிதான பிறகு வாடை அடித்துத்தான் தெரியும். எட்டு நடை பிடித்திருந்தால் சமதரையில் ஷூவோடு நடங்கள். வீட்டுக்கு வந்ததும் பாதத்தின் அடியையும் விரல் இடுக்குகளையும் தினம் பாருங்கள். குனிய முடியாதவர்கள் தரையில் ஒரு கண்ணாடியை வைத்துக்கொள்ளலாம். கண்ணில் சுகர் பாதிப்பு இருக்கிறது என்று சொல்லப்பட்டவர்கள், கண் டாக்டரைக் கேட்காமல் மூச்சை அடக்கிக் கனம் தூக்கக் கூடாது.

ஷூ, இடம், நேரம்

ஷூவைச் சாயங்காலம் வாங்குங்கள். நாள் முழுக்க நின்ற கால் அப்போது கொஞ்சம் பெருத்திருக்கும். போடப் போகும் சாக்ஸோடு போட்டு, எழுந்து நின்று பாருங்கள். நீளமான விரலுக்கு முன்னால் கைக் கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். ஷூவை மடக்கினால் விரல்கள் மடங்கும் இடத்தில் மடங்க வேண்டும். நடுவில் மடங்கினால் அது பாதத்தைத் தாங்காது. விலையைவிட இதுதான் முக்கியம். சேலை கட்டுபவர்களும் தயங்காமல் ஷூ போடலாம்.

மைதானம், பூங்கா, மொட்டைமாடி எதுவும் சரிதான். தமிழ்நாட்டில் 2023-இல் தொடங்கிய "நடப்போம் நலம் பெறுவோம்" திட்டத்தில் மாவட்டம்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை ஒன்றைக் குறித்திருக்கிறார்கள். புதிதாகத் தொடங்குபவர் எட்டையும் முடிக்க வேண்டியதில்லை, கொஞ்ச தூரம் போய்விட்டுத் திரும்பலாம். சாலையோரம்தான் வழி, நடைமேடையும் இல்லை என்றால் வலதுபக்கமாக, எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி நடங்கள். விடியாத இருட்டில் வெளிர்நிறச் சட்டை போடுங்கள், காதில் இயர்போன் வேண்டாம். நாய் குரைத்துக்கொண்டு வந்தால் ஓடாமல் நின்றுவிட்டு மெல்ல விலகுங்கள். கடித்துவிட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

கடலோர ஊர்களில் வெயிலைவிடப் புழுக்கம் பெரிய எதிரி. காற்றில் ஈரம் அதிகமானால் வேர்வை வழியுமே தவிர காயாது, உடம்பும் குளிராது. சூட்டுக்கு உடம்பு பழக ஒன்றிரண்டு வாரம் பிடிக்கும். ஏப்ரல், மே மாதத்தில் தொடங்குபவர்கள் காலை ஏழு மணிக்குள் முடித்துக்கொள்வது நல்லது. அப்புறம் சாப்பாடு: வயிறு நிறையச் சாப்பிட்டால் ஒன்றரை, இரண்டு மணி நேரம் கழித்து வேகநடை. சாப்பிட்ட பின் பத்து நிமிடம் மெதுவாக உலாத்துவது வேறு, அது சுகருக்கு நல்லது.

முதல் எட்டு வாரம்

முதல் இரண்டு வாரம் வாரத்துக்கு ஐந்து நாள், 15 நிமிடம். அடுத்த இரண்டு வாரம் 20. அதற்கடுத்து 25. ஏழாவது, எட்டாவது வாரம் 30 நிமிடம். கணக்குப் போட்டுப் பாருங்கள், எட்டாவது வாரம் 150 நிமிடம் தானாக வந்துவிட்டது. முதலில் நேரத்தைக் கூட்டுங்கள், வேகத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். இரண்டையும் ஒரே வாரத்தில் கூட்டாதீர்கள்.

ஒவ்வொரு நாளும் முதல் ஐந்து நிமிடமும் கடைசி ஐந்து நிமிடமும் மெதுநடை. கடைசியில் சட்டென்று நின்றால் ரத்தம் காலிலேயே தங்கித் தலை சுற்றும், அதனால் வேகத்தைப் படிப்படியாகக் குறையுங்கள். காலை நீட்டிப் பிடித்திழுக்கும் பயிற்சியை உடம்பு சூடான பிறகு, முடிவில் செய்யுங்கள். குளிர்ந்த தசையை இழுத்துப் பிடிப்பதில் லாபமில்லை.

மூன்றாவது வாரத்திலிருந்து வாரம் இரண்டு நாள் தசைப் பயிற்சி சேர்க்கலாம். முட்டிவலிக்காரர்களுக்கு இது மிகவும் தேவை, தொடைத் தசை வலுத்தால்தான் முட்டியின் பாரம் குறையும். கை இல்லாத, உறுதியான, சக்கரமில்லாத நாற்காலி ஒன்றைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். நுனியில் உட்கார்ந்து, பாதங்களை இடுப்பகலம் வைத்து, கைகளை மார்பில் குறுக்காகக் கட்டிக்கொண்டு எழுந்து நில்லுங்கள். எழும்போது மூச்சை விடுங்கள். திரும்ப உட்காரும்போது பொத்தென்று விழாமல் மூன்று எண்ணும் நேரம் எடுத்து இறங்குங்கள். தசைக்கு அந்த இறக்கத்திலும் நல்ல வேலை உண்டு. முட்டி உள்பக்கமாகச் சாய்கிறதா என்று ஒருவரை முன்னால் நின்று பார்க்கச் சொல்லுங்கள். எட்டு தடவை போதும். கையைக் கட்டிக்கொண்டு எழ முடியாவிட்டால் இருக்கை மேல் ஒரு தலையணையைப் போட்டு உயரத்தைக் கூட்டுங்கள். கூடவே சுவரில் கை ஊன்றித் தள்ளுவது எட்டு, சுவரைப் பிடித்தபடி குதிகாலைத் தூக்கி இறக்குவது எட்டு. இவ்வளவுதான்.

ஜிம்முக்குப் போகிறவர்கள் உங்கள் நோய், மாத்திரை, பழைய அடி எல்லாவற்றையும் பயிற்சியாளரிடம் முதலிலேயே சொல்லுங்கள். அவர் எதையும் கேட்காமல் நேராகக் கருவிக்கு அழைத்துப் போனால் வேறு இடம் பாருங்கள். முதல் இரண்டு வாரம் ஒரு கருவிக்கு ஒரு சுற்று போதும் என்று நீங்களே கேட்டு வாங்குங்கள். பழகாத உடம்பை ஒரே நாளில் வதைத்தால் தசை சிதைந்து சிறுநீரகம் வரைக்கும் பாதிக்கும். கடும் தசைவலியோடு சிறுநீர் கோலா நிறத்தில் போனால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பயிற்சிக்கு முன் குடிக்கச் சொல்லும் பவுடர்களைப் பிரஷர்காரர்கள் தொடவே வேண்டாம், பலவற்றில் காஃபின் அதிகம்.

எந்த வலியோடு தொடரலாம், எப்போது நிறுத்த வேண்டும்

மறுநாளும் அதற்கடுத்த நாளும் தசையில் பரவலாக வரும் வலி இயல்பானது, மூன்று நான்கு நாளில் போய்விடும். மூட்டில் ஓரிடத்தில் குத்தும் வலி, வீக்கம், காலை எழுந்து முதல் அடி வைக்கும்போது குதிகாலில் சுரீர் என்று வருவது ஆகியவை வேறு. பயிற்சி முடிந்து இரண்டு மணி நேரம் கழித்தும் மூட்டுவலி பழைய அளவைவிடக் கூடுதலாக இருந்தால் அடுத்த நாள் அளவைக் குறையுங்கள்.

நெஞ்சு இறுக்கம், தாடைக்கோ கைக்கோ ஓடும் வலி, குளிர்ந்த வேர்வை, கண் இருட்டிக்கொண்டு வருவது, ஓய்வெடுத்தும் அடங்காத படபடப்பு, இதில் ஏதாவது வந்தால் நடையை அங்கேயே நிறுத்தி உட்காருங்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். வண்டியை நீங்களே ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகாதீர்கள். 2023-இல் வந்த இதயம் காப்போம் திட்டத்தில், தமிழ்நாட்டு ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே மாரடைப்புக்கான முதல் மாத்திரைகள் கிடைக்கின்றன. பெரிய ஆஸ்பத்திரி தொலைவில் இருப்பவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். தனியாக நடப்பவர்கள் பெயர், வீட்டாரின் போன் எண், போடும் மாத்திரைகளை எழுதிய சின்னத் துண்டுச் சீட்டு ஒன்றைப் போன் உறைக்குள் வையுங்கள்.

விட்டுப்போனால்

கல்யாணம், மழை, ஊர்ப் பயணம் என்று இடையில் விட்டுப்போகத்தான் செய்யும். ஒரு வாரம் போனால் பழைய அளவிலிருந்தே தொடரலாம். இரண்டு மூன்று வாரம் போனால் பாதி நேரத்திலிருந்து தொடங்குங்கள். காய்ச்சலில் விட்டுப்போனது என்றால் மட்டும் அவசரம் கூடாது. காய்ச்சல் விட்டதும் மறுநாளே ஓடப் போவது இதயத் தசைக்கு நல்லதில்லை. படியேறினால் படபடக்காத அளவுக்குத் தெம்பு வரட்டும். பிறகு பத்து நிமிட மெதுநடையிலிருந்து ஆரம்பித்து, இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் என்று கூட்டிக்கொண்டு போங்கள். டெங்கு வந்துபோனவர்கள் ரத்தத் தட்டணுக்களின் எண்ணிக்கை சரியாகிவிட்டது என்று டாக்டர் சொல்லும்வரை கனம் தூக்க வேண்டாம்.